ஷியார் யஷூவ், 1997: 73 பேர் இறந்த ஹெலிகாப்டர் மோதலில் உண்மையில் நடந்தது என்ன?

மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். 1997-இல் வடக்கு இஸ்ரேலில் இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதி 73 பேர் இறந்தது எப்படி? விசாரணைக் குழு காரணம் தெரியவில்லை என்று கைவிரித்தது உண்மையா? இத்தனை கருவிகள் வந்த பிறகும் இதே மாதிரி விபத்துகள் ஏன் நடக்கின்றன?

முதல் இரண்டுக்கும் சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிச் சில நொடிகளில் எது எதன் பக்கம் ஏன் நகர்ந்தது என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஆனால் ஆளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு, இருட்டில், வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு, அந்த இரண்டும் ஏன் அவ்வளவு பக்கத்தில் பறந்தன என்பதற்கு முழுக் காரணமும் தெரியும். பெரும்பாலானோர் அந்தக் கடைசி நொடிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த விமானி தப்பு செய்தார் என்று ஒரு பெயர் கிடைத்தால் மனசு ஆறிவிடும் போல. எனக்கு அவை ஏன் அப்படிப் பறந்தன என்பதுதான் விஷயம்.

அதைப் புரிந்துகொள்ள லெபனானில் இருந்து தொடங்க வேண்டும். 1982-இல் லெபனானுக்குள் படையெடுத்த இஸ்ரேல், 1985-இல் பெரும்பகுதியை விட்டு வெளியேறியது. எல்லையை ஒட்டிய ஒரு நீளப் பட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதற்குப் பாதுகாப்பு மண்டலம் என்று பெயர் சூட்டியது. அந்தப் பட்டை முழுக்கக் குன்றுகள். குன்றுகளின் உச்சியில் மண்மூட்டையும் கான்கிரீட்டுமாகச் சின்னச் சின்னக் காவல் அரண்கள். இந்தக் கதையில் வரும் இரண்டு அரண்களில் ஒன்று, சிலுவைப் போர்க் காலத்துப் பழைய கோட்டையான போஃபோர். இன்னொன்று தலாத். இரண்டிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள். கட்டாய ராணுவச் சேவையில் வந்தவர்கள். அவர்களை முறை மாற்ற வேண்டும், விடுமுறைக்கு அனுப்ப வேண்டும், சாப்பாடும் குண்டும் கொண்டுபோக வேண்டும்.

முதலில் எல்லாம் லாரியிலும் கவச வண்டியிலும்தான் போனது. இஸ்ரேலை எதிர்த்த லெபனான் ஆயுத இயக்கமான ஹெஸ்பொல்லா அந்தச் சாலைகளைக் கண்ணிவெடிச் சாலைகளாக மாற்றியது. சாலையோரக் குண்டுகளைப் பாறை மாதிரியே வார்த்து, நிறம் பூசி, நிஜப் பாறைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார்கள். வாகன வரிசை போகும்போது தூரத்திலிருந்து வெடிக்க வைப்பார்கள். ஆண்டுக்கு இருபது சொச்சம் இஸ்ரேலியச் சிப்பாய்கள் அந்த மண்டலத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். சாலையில் போனால் சாவு என்றால் வானத்தில் போவோம் என்று முடிவெடுத்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

ஆனால் வானத்திலும் ஆள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். பகலில் ஒரு பெரிய ஹெலிகாப்டர் குன்றின் மேல் இறங்கினால் எதிரே இருக்கும் எல்லாக் குன்றுகளுக்கும் தெரியும். ஆகவே இரவில் பறக்க வேண்டும். இரவில் விளக்கோடு பறந்தாலும் தெரியும். ஆகவே எல்லையைத் தாண்டும் முன் வெளிவிளக்குகளை அணைக்க வேண்டும். பாதுகாப்புக்காக எடுத்த ஒவ்வொரு முடிவும், ஒரு ஹெலிகாப்டரை இன்னொரு ஹெலிகாப்டரின் கண்ணுக்குத் தெரியாததாக ஆக்கிக்கொண்டே போனது. எதிரியிடமிருந்து மறைய எடுத்த வழி, கூட வருபவனிடமிருந்தும் மறைத்துவிட்டது.

அன்று பறந்தவை யசூர் என்று இஸ்ரேல் விமானப்படை பெயர் வைத்திருக்கும் ஹெலிகாப்டர்கள். அமெரிக்காவின் சிக்கோர்ஸ்கி கம்பெனி செய்த சி.எச்-53 வகை. 1969-இல் இருந்து அங்கே ஓடுகின்றன. அந்த வருஷக் கடைசியிலேயே எகிப்தின் ஒரு முழு ரேடார் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பேர் வாங்கியவை. சாமானியமான வண்டி இல்லை. மேலே சுற்றும் ரோட்டாரின் விட்டமே 22 மீட்டர், அதில் ஆறு இதழ்கள். ஆயுதம், பை, தலைக்கவசத்தோடு முப்பது நாற்பது பேரை ஒரே தடவையில் கொண்டுபோய் இறக்கும். இந்தப் பலம்தான் அதன் பலவீனமும். ஒன்று விழுந்தால் ஒரு பிளட்டூனே, அதாவது முப்பது நாற்பது பேர் கொண்ட ஒரு படைப்பிரிவே போகும். இது இஸ்ரேலுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1977 மே 10-ஆம் தேதி ஜோர்டான் பள்ளத்தாக்கில் இரவுப் பயிற்சியின்போது இதே வகை ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து 54 பேர் இறந்தார்கள். அதில் மோதல் எதுவும் இல்லை, ஒற்றை ஹெலிகாப்டர்தான். அந்த எண்ணிக்கையை அந்த நாடு மறக்கவில்லை. இருந்தும் இருபது வருஷம் கழித்து அதே வகை ஹெலிகாப்டர்கள் இரண்டில் ஆட்களை நிரப்பி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அனுப்பினார்கள். ஏனென்றால் சாலையில் குண்டு இருந்தது.

1997 பிப்ரவரி தொடக்கத்தில் அந்தப் பகுதியில் வானிலை மோசம். படை மாற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மேலே இருப்பவர்கள் இறங்கக் காத்திருந்தார்கள், கீழே இருப்பவர்கள் ஏறக் காத்திருந்தார்கள். இப்படித் தள்ளிப்போகும் வேலைகளில் ஓர் அழுத்தம் சேரும். யாரும் வாய்விட்டு அவசரப்படுத்தாவிட்டாலும், வானம் தெளிந்ததும் எல்லாரும் இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். அன்று அந்த அழுத்தம் எவ்வளவு பங்கு வகித்தது என்று அளக்க முடியாது. ஆனால் விபத்து அறிக்கைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு, பல நாள் தாமதம் என்ற வரியைப் பார்த்தாலே பென்சிலை எடுத்து அடிக்கோடு போடத் தோன்றும்.

பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை. இருட்டிய பிறகு இரண்டு யசூர்களும் ரோஷ் பினா பக்கத்திலிருந்து கிளம்பின. ஒன்று போஃபோருக்கு, மற்றது தலாத்துக்கு. இரண்டிலுமாக 65 சிப்பாய்கள், 8 விமானக் குழுவினர். பறந்துபோகும் தூரம் அதிகமில்லை. ஹூலா பள்ளத்தாக்கின் வட கோடிக்குப் போனால் எல்லை வந்துவிடும். அங்கே போனதும் உடனே உள்ளே நுழைய முடியாது. எல்லையைக் கடக்க அனுமதி வர வேண்டும். அந்த அனுமதியை ஒட்டிய நிமிடங்களில்தான், ஏறக்குறைய இரவு 7 மணிக்கு, ஷியார் யஷூவ் என்ற சின்னக் குடியிருப்பின் மேலே மோதல் நடந்தது. ஒன்றின் பிரதான ரோட்டார் மற்றதன் வாலை வெட்டியது. வால் போன ஹெலிகாப்டர் அங்கேயே விழுந்தது. மற்றதன் விமானிகள் கட்டுப்பாட்டை மீட்கப் போராடிப் பார்த்தார்கள், முடியவில்லை, அதுவும் விழுந்தது.

ஒன்று ஷியார் யஷூவுக்குள்ளேயே, யாரும் இல்லாத ஒரு வீட்டின் மேல் விழுந்தது. மற்றது சில நூறு மீட்டர் தள்ளி, டாஃப்னா என்ற கிப்புட்ஸின் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பின்) கல்லறைத் தோட்டம் பக்கம். தரையில் இருந்த யாரும் சாகவில்லை. எரியும் சிதைவுக்குள் சிப்பாய்களின் வெடிமருந்துகள் வெடித்துக்கொண்டே இருந்ததால் மீட்க ஓடியவர்களால் நெருங்க முடியவில்லை. 73 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இஸ்ரேல் விமானப்படையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அந்த அளவு நாட்டில் 73 என்றால், ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவருக்கு யாரையாவது தெரிந்திருக்கும். தேசிய துக்க நாள் அறிவித்தார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் எசர் வைஸ்மன் தாமே விமானப்படைத் தளபதியாக இருந்தவர். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தார்.

மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் இட்ஸாக் மொர்தெகாய் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். தலைவர் டேவிட் இவ்ரி. 1981-இல் ஈராக்கின் அணு உலையைக் குண்டு வீசி அழித்தபோது விமானப்படைத் தளபதியாக இருந்தவர் அவர். விமானப்படையை விமானப்படைக்காரரே விசாரிப்பதா என்று கேட்கலாம், அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த மாதிரி விசாரணையில் உள்ளே இருந்து வந்தவனுக்குத்தான் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும்.

இவ்ரி குழுவால் மோதலின் திட்டவட்டமான காரணத்தைச் சொல்ல முடியவில்லை. இதை வைத்துத்தான் காரணம் தெரியவில்லை என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். ஏன் சொல்ல முடியவில்லை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஹெலிகாப்டர்களில் கருப்புப் பெட்டி இல்லை. விமானிகள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், எந்த உயரத்தில் இருந்தார்கள், எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று எந்தப் பதிவும் இல்லை. சொல்லக்கூடிய எட்டு பேரும் இறந்துவிட்டார்கள். சிதைவின் வெட்டுகளையும் சாட்சிகளையும் வைத்து எது எதன் மேல் பட்டது என்பது வரை வந்தார்கள், அதற்கு மேல் போக வழியில்லை. இயந்திரக் கோளாறுக்கும் எதிரியின் தாக்குதலுக்கும் ஆதாரம் இல்லை. மிஞ்சியது ஒன்றுதான்: இரண்டு குழுக்களும் ஒருவரையொருவர் கண்ணிலிருந்து தவறவிட்டிருக்கிறார்கள். கருப்புப் பெட்டி பொருத்த வேண்டும் என்பது அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று. முப்பது நாற்பது பேரை ஏற்றும் ஹெலிகாப்டரில் அது இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்களே என்று இப்போது வியப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் பல நாட்டு ராணுவ ஹெலிகாப்டர்களில் நிலைமை அதுதான். பயணிகள் விமானத்துக்கு உள்ள கட்டாயம் ராணுவத்துக்குக் கிடையாது.

இனி கண்ணிலிருந்து தவறுவது என்றால் என்ன என்று பார்ப்போம். ஏனென்றால் கேட்டவுடன் இது நம்ப முடியாததாகத் தோன்றும். பேருந்தைவிட இரண்டு மடங்கு நீளமான ஒரு பொருளை, பக்கத்திலேயே பறக்கும்போது எப்படித் தவறவிட முடியும்?

ஜோடியாகப் பறக்கும்போது அடிப்படை ஏற்பாடு எளிமையானது. ஒருவர் முன்னணி, மற்றவர் பின்தொடர்பவர். முன்னணி பாதையைப் பார்த்துக்கொள்வார், வானொலியில் பேசுவார், அனுமதி வாங்குவார். இடைவெளியைக் காப்பது பின்தொடர்பவரின் பொறுப்பு. அவர் முன்னால் போவதைக் கண்ணை விட்டு எடுக்கக் கூடாது. கண்ணிலிருந்து போய்விட்டால் உடனே சொல்ல வேண்டும். சொன்னதும் இருவரும் முன்பே பேசி வைத்தபடி வெவ்வேறு உயரத்துக்கோ திசைக்கோ பிரிய வேண்டும். எந்த நாட்டு ராணுவத்திலும் ஏறக்குறைய இதுதான் விதி. இந்த விதி நேராகப் போகும்போது நன்றாக வேலை செய்யும். சிக்கல் வருவது திரும்பும்போதும், வேகம் குறைக்கும்போதும், காத்திருக்கும்போதும்தான். காத்திருப்பு என்றால் ஹெலிகாப்டர் சும்மா நிற்பதில்லை. திரும்பும், வட்டமடிக்கும், வேகம் மாற்றும். முன்னணி உள்பக்கமாகத் திரும்பினால் பின்தொடர்பவர் ஒரு கணம் அவருடைய வயிற்றுப் பக்கத்தைப் பார்ப்பார், அடுத்த கணம் தன் சொந்த ஹெலிகாப்டரின் கூரை மறைத்துவிடும். இதோ அனுமதி வந்துவிட்டது, போகலாம் என்று வானொலியில் கேட்டால் இருவர் கவனமும் பாதைக்கும் வரைபடத்துக்கும் தாவும். ஒருவர் இப்போது தாம் முன்னால் இருப்பதாகவும், மற்றவரும் அப்படியே நினைப்பதாகவும் ஆக ரொம்ப நேரம் வேண்டாம்.

இருட்டு இதை இன்னும் மோசமாக்கும். பகலில் நம் கண் தூரத்தை அளப்பது பொருளின் அளவை வைத்து மட்டும் இல்லை. பின்னால் இருக்கும் மரம், வீடு, தொடுவானம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுத்தான். இரவில் அந்தப் பின்புலம் போய்விடும். விளக்கில்லாமல் நெடுஞ்சாலையில் போகும் லாரி, நம் வண்டியின் முகப்புக்கு நேராக வந்த பிறகுதான் லாரி என்று தெரிவது போல, இருட்டில் இன்னொரு ஹெலிகாப்டர் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் இருக்கும். அது 100 மீட்டரில் இருக்கிறதா 50 மீட்டரில் இருக்கிறதா என்பதைக் கண் சொல்லாது. மோதும் பாதையில் வரும் பொருளுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: அது கண்ணாடியில் இடமும் வலமும் நகராது. அதே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வரும். நம் கண்ணோ அசைவதைத்தான் முதலில் பிடிக்கும், அசையாததை விட்டுவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டும் ஒரே திசையில் போகின்றன, ஒன்று மற்றதை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நெருங்குகிறது என்று வையுங்கள். 60 மீட்டர் இடைவெளி 6 நொடியில் தீர்ந்துவிடும். அந்த 60 மீட்டரிலும் ரோட்டாரின் 11 மீட்டர் ஆரம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆக 5 நொடிதான் மிச்சம். பார்த்து, புரிந்துகொண்டு, கையை அசைத்து, 15 டன்னுக்கு மேல் இருக்கும் ஒன்று அதற்குக் கீழ்ப்படிய அந்த நேரம் போதாது.

இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். அது ஓரளவுக்குத்தான். அந்தக் கண்ணாடி வழியாகத் தெரியும் வட்டம் ஏறக்குறைய 40 பாகை மட்டுமே. வெறும் கண் பக்கவாட்டில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் பார்க்கும். ஆழம் தட்டையாகிவிடும். தலையை இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஷியார் யஷூவுக்கு எட்டு மாதம் முன், 1996 ஜூன் 12 அன்று, ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் பக்கம் ஹை ரேஞ்ச் பயிற்சிக் களத்தில் ஆறு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் இந்தக் கண்ணாடியோடுதான் பறந்தன. உள்ளே சிறப்புப் படையினர். இறங்கும் இடத்துக்கு இன்னும் 30 நொடி இருக்கும்போது ஒன்று வலப்பக்கம் விலகி இன்னொன்றின் வால் ரோட்டாரைத் தட்டியது. 18 பேர் இறந்தார்கள். ஒன்று தட்டுத் தடுமாறித் தரையைத் தொட்டதால் சிலர் பிழைத்தார்கள். எரியும் சிதைவுக்குள் புகுந்து தோழர்களை இழுத்துப்போட்டவர்களுக்கு அந்நாடு பிறகு வீர விருதுகள் கொடுத்தது. விசாரணை அங்கேயும் ஒரு விமானியின் கையோடு நிற்கவில்லை. பழுதுபட்டு நின்ற ஹெலிகாப்டர்கள், அதனால் குறைந்த பயிற்சி மணிகள், படையை விட்டுப் போன அனுபவசாலிகள் என்று முந்தைய சில வருஷங்களுக்குள் போனது.

டவுன்ஸ்வில், ஷியார் யஷூவ் இரண்டிலும் அடி விழுந்தது வாலில். இது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். மேலே பெரிய ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போது ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வாலில் இருக்கும் சின்ன ரோட்டார். வால் போனால் உடல் சுழல ஆரம்பிக்கும், உள்ளே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. வெட்டியவருக்கும் கதி மேலானது இல்லை. யசூரின் ரோட்டார் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் போகும். அந்த வேகத்தில் எதன் மேல் பட்டாலும் இதழ் உடையும், சமநிலை போகும், சில நொடிகளில் மொத்த இயந்திரமே தன்னைத் தானே உலுக்கிப் பிய்த்துக்கொள்ளும். போர் விமானத்தில் மோதல் நடந்தால் விமானி இருக்கையோடு வெளியே பாய வாய்ப்பு உண்டு. ஹெலிகாப்டரில் அது இல்லை. பாராசூட்டும் இருக்காது, இருந்தாலும் அந்த உயரம் பத்தாது. அதனால்தான் இந்த வகை விபத்துகளில் பிழைத்தவர் எண்ணிக்கை பெரும்பாலும் பூஜ்யம்.

இருட்டுதான் வில்லன் என்று முடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. 2012 ஆகஸ்ட் 30 அன்று குஜராத்தின் ஜாம்நகர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய இரண்டு எம்.ஐ-17 ஹெலிகாப்டர்கள், கிளம்பிய சில நிமிடங்களில் மோதி விழுந்து 9 பேர் இறந்தபோது நண்பகல். மலேசியாவில் 2024 ஏப்ரல் 23 அன்று லூமுட் கடற்படைத் தளத்தில் நடந்ததோ காலை 9.30 மணி சுமாருக்கு, கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னால். கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழா ஒத்திகையில் ஹெலிகாப்டர்கள் அணியாகப் பறந்தன. ஒரு ஃபென்னெக், ஏ.டபிள்யூ.139 ஒன்றின் மேல் மோதியது. ஒன்றில் 7 பேர், மற்றதில் 3 பேர். பத்துப் பேரும் இறந்தார்கள், அவர்களில் ஒரு தமிழரும் இருந்தார். பேராக் தமிழர்கள் பலர் அந்தக் காணொளியை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபென்னெக் தனக்குக் குறித்த பாதையையும் உயரத்தையும் பிடிக்கவில்லை என்பது முதற்கட்ட விசாரணை சொன்னது. நல்ல வெளிச்சம், எதிரி இல்லை, அவசரமில்லை. பொதுவாக இருந்தது ஒன்றுதான்: இரண்டு ஹெலிகாப்டர்களை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடைவெளியை மனிதக் கண்ணிடம் ஒப்படைத்திருந்தார்கள். அணிவகுப்பு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுக்கும் இந்த ஆபத்தை மட்டும் எனக்கு எப்போதும் நியாயப்படுத்த முடிந்ததில்லை. போஃபோருக்குப் போனவர்களுக்காவது போக ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காரணமும் பிறகு கேள்விக்குள்ளானது. ஷியார் யஷூவ் விபத்தில் மற்ற மோதல்களிலிருந்து தனித்து நிற்பது இந்தப் பின்கதைதான். இறந்த 65 சிப்பாய்களும் லெபனானுக்குள் இன்னும் காலே வைக்கவில்லை. அவர்களைக் கொன்றது ஹெஸ்பொல்லாவும் இல்லை. ஆனால் அங்கே படை இருக்கப் போய்த்தானே இந்தப் பறப்பு என்று வடக்கு இஸ்ரேலில் சில தாய்மார்கள் கேட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே அரண்களில் இருந்தார்கள். நான்கு தாய்மார்கள் என்று இயக்கத்துக்குப் பெயர் வந்தது. சாரா, ரெபேக்கா, ராகேல், லேயா என்ற நான்கு வேதாகமத் தாய்மார்களை நினைவூட்டும் பெயர். சாலைச் சந்திப்புகளில் நின்றார்கள், அரசியல்வாதிகளின் வாசலில் நின்றார்கள். பெண்களுக்கு ராணுவ உத்தி பற்றி என்ன தெரியும் என்று கேலி பேசியவர்கள் ராணுவத்திலும் வெளியிலும் நிறையப் பேர். அதே வருஷம் செப்டம்பரில் லெபனானின் அன்சாரியா கிராமத்தில் இஸ்ரேலியக் கடற்படைக் கமாண்டோக்கள் பதுங்கித் தாக்குதலில் சிக்கி 12 பேர் இறந்தபோது அந்தக் கேலி குறைய ஆரம்பித்தது. 1999 தேர்தலில் எகுட் பராக் படையைத் திரும்ப அழைப்பேன் என்று சொல்லி ஜெயித்தார். 2000 மே மாதம் படை வெளியேறியது.

ஹெலிகாப்டர் விபத்துதான் லெபனான் போரை முடித்தது என்று சிலர் எழுதுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹெஸ்பொல்லா தொடர்ந்து கொடுத்த அடி இல்லாமல் அது நடந்திருக்காது. விபத்துக்கு முன்பே அந்த மண்டலம் தேவையா என்ற பேச்சு இஸ்ரேலில் இருந்தது. விபத்து செய்தது, அதுவரை மாதத்துக்கு ஒன்று இரண்டு சவப்பெட்டியாக வந்துகொண்டிருந்த கணக்கை ஒரே இரவில் கூட்டிக் காட்டியது. லெபனான் பக்கத்தில் அந்தப் பதினெட்டு வருஷத்தில் இறந்த ஊர்மக்களின் கணக்கு தனி, அது இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்தப் பதிலில் அதற்கு இடம் இல்லை என்பதால் அது சின்ன விஷயம் என்று ஆகிவிடாது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே, எதிரே விமானம் வந்தால் ஏறு, இறங்கு என்று குரல் கொடுக்குமே, அதை இதில் வைத்தால் என்ன? அந்தக் கருவி, இரண்டு விமானங்கள் பக்கத்தில் வருவதே தவறு என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அணியாகப் பறக்கும் ஹெலிகாப்டர்களுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வேலையே. கருவியைப் போட்டுவைத்தால் பறப்பு முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். விமானி அதை அணைத்துவிடுவார், அணைத்ததில் குற்றமும் இல்லை. அதோடு அந்தக் கருவி தன் இருப்பிடத்தை வானொலி அலையில் சொல்லிக்கொண்டு போவது. எதிரி பகுதிக்குள் அதை எந்த ராணுவமும் அனுமதிக்காது. 2019 நவம்பர் 25 அன்று மாலியில் பிரெஞ்சு ராணுவத்தின் ஒரு டைகர் ஹெலிகாப்டரும் ஒரு கூகர் ஹெலிகாப்டரும் மோதி 13 பேர் இறந்தது நிலா இல்லாத இரவில், தரையில் தப்பி ஓடும் ஆயுதக்குழுவைத் துரத்திக்கொண்டிருந்தபோது. கண்கள் எல்லாம் கீழே இருந்தன. அந்த விபத்தில் கருப்புப் பெட்டிகள் கிடைத்தன. தங்கள் ஆட்கள் காரணம் என்ற தோரணையில் பயங்கரவாத அமைப்பு விட்ட அறிக்கை பொய் என்று அவைதான் காட்டின. பெட்டி இருந்திருந்தால் ஷியார் யஷூவிலும் இத்தனை வருஷ ஊகத்துக்கு இடம் இருந்திருக்காது.

பெட்டி அடுத்த மோதலைத் தானாகத் தடுக்காது. தடுப்பது பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு: உயரத்தைப் பிரித்துக் கொடுப்பது. நீ 300 அடியில், நான் 500 அடியில், சொல்லாமல் யாரும் மற்றவர் உயரத்துக்கு வரக் கூடாது. கண் தவறினாலும் உயரம் காப்பாற்றும். செலவில்லாத இந்த ஏற்பாடு எப்படி நழுவுகிறது என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். 2021 ஜூலையில் அமாமி ஓஷிமா தீவுப் பக்கம் அந்நாட்டுக் கடற்படையின் இரண்டு ஹெலிகாப்டர்கள் இரவுப் பயிற்சியில் ஒன்றோடொன்று உரசின. இதழ்கள் சேதமானதோடு போயிற்று, யாருக்கும் காயமில்லை. உடனே உயரத்தைப் பிரிக்க வேண்டும் என்று விதிகளை இறுக்கினார்கள். 2024 ஏப்ரல் 20 இரவு, லூமுட் விபத்துக்கு மூன்றே நாள் முன், டோரிஷிமா தீவுக்குக் கிழக்கே கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பயிற்சியில் மூன்று ஹெலிகாப்டர்கள் இருந்தன. அவற்றில் இரண்டு எஸ்.எச்-60கே மோதிக் கடலில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். இரண்டின் பதிவுக் கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்துகொண்டு கிடைத்தன. மோதல் என்று முதலில் ஊகிக்க வைத்தது அதுதான். அதே வருஷம் ஜூலையில் வந்த விசாரணை முடிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. விமானக் குழுவினர் சுற்றுமுற்றும் கவனித்தது போதவில்லை. ஹெலிகாப்டர்கள் நெருங்கியபோது, அவற்றை இயக்கிய தளபதிகள் உயரத்தைப் பிரிக்கும் உத்தரவைக் கொடுக்கவில்லை. வெவ்வேறு பொறுப்பாளர்களின் கீழ் இருந்த ஹெலிகாப்டர்கள் ஒரே இலக்கை நோக்கி வரும்போது, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்பது நழுவிவிடுகிறது.

எந்த விபத்து அறிக்கையையும் நீங்கள் படிக்க நேர்ந்தால், விமானி என்ன செய்தார் என்ற பக்கத்துக்கு முன்னால், உயரத்தைப் பிரிக்கும் பொறுப்பு அந்த நிமிடத்தில் யாரிடம் இருந்தது என்ற பக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஷியார் யஷூவ் விஷயத்திலும் எனக்கு மிச்சமிருக்கும் கேள்வி அதுதான். அனுமதி கொடுப்பவர் ஒருவர், பாதை போட்டவர் ஒருவர், பறந்தவர்கள் இரண்டு குழு. எல்லைக்கு இந்தப் பக்கம் காத்திருந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த விமானிகளின் கண்ணைத் தவிர வேறு ஏற்பாடு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.